எண்ணெய்க் கிணறு டிசைன்: எங்க மிச்சம் பிடிக்கலாம், எங்க கை வைக்கவே கூடாது

கிணறு டிசைன் மீட்டிங்ல எப்பவும் ரெண்டு குரல் கேக்கும். ஒருத்தர் இன்னொரு கேசிங் ஸ்ட்ரிங் (துளை இடியாம உள்ள இறக்கி சிமெண்ட் போடற இரும்புக் குழாய் வரிசை) போட்டுட்டா நிம்மதிம்பார், பட்ஜெட்ட கையில வச்சிருக்கறவர் இருக்கறதுல ஒண்ண தூக்க முடியுமான்னு கேப்பார், ரெண்டு மணி நேரம் பேசி முடிச்சா ரெண்டு பேருக்கும் பாதி பாதி பிடிச்ச மாதிரி ஒரு டிசைன் வெளிய வரும். பல சமயம் அதுல காசும் மிச்சம் ஆகியிருக்காது, பாதுகாப்பும் கூடியிருக்காது. எந்த செலவு நிஜமாவே பாதுகாப்ப வாங்குது, எந்த செலவு வெறும் மன ஆறுதல வாங்குதுன்னு யாரும் பிரிச்சுப் பாத்திருக்க மாட்டாங்க.

அப்படி பிரிக்கறது எப்படின்னுதான் இங்க எழுதறேன். டிரில்லிங் இன்ஜினியரிங்ல புதுசா வந்தவங்களுக்கும், கணக்கு போடத் தெரிஞ்சும் மீட்டிங்ல வாதாட முடியாம திணர்றவங்களுக்கும் உதவும். என் கட்சி என்னன்னு முன்னாடியே சொல்லிடறேன். இரும்புலயும் நாள் கணக்குலயும் தாராளமா மிச்சம் பிடிங்க, ஆனா தகவல் சேக்கறதுலயும் போட்ட தடுப்பு உண்மையிலேயே பிடிக்குதான்னு டெஸ்ட் பண்றதுலயும் பைசா குறைக்காதீங்க. பட்ஜெட் வெட்டு வர்றப்ப நடக்கறது பெரும்பாலும் இதுக்கு நேர் தலைகீழா இருக்கும், ஏன்னா லாக்கிங் (கருவிய உள்ள இறக்கி அளந்து பாக்கறது), டெஸ்ட் இதெல்லாம் தனித்தனி வரியா பில்லுல தெரியும், வெட்டறதுக்கும் சுலபம்.

முதல்ல அழுத்தம்

எல்லா டிசைனும் ரெண்டு கோட்டுக்கு நடுவுல நடக்கற சமாச்சாரம். ஒரு கோடு போர் பிரஷர், அதாவது பாறைத் துவாரத்துக்குள்ள இருக்கற திரவமோ கேஸோ தள்ற அழுத்தம். இன்னொண்ணு ஃபிராக்சர் பிரஷர், அதத் தாண்டினா பாறை பிளந்து மட் (தோண்டறப்ப துளைல நிரப்பி ஓட்டற கனமான திரவம்) உள்ள போயிடும். மட் எடை முதல் கோட்டுக்குக் கீழ போனா கிக் வரும், அதாவது பாறைல இருக்கற திரவமோ கேஸோ கிணத்துக்குள்ள புகுந்துடும், ரெண்டாவது கோட்டுக்கு மேல போனா மட் லாஸ், லாஸ் ஆகி மட் மட்டம் இறங்கினா அதுவும் கடைசில கிக்லதான் போய் முடியும். கணக்கு ஒண்ணே ஒண்ணுதான், 0.052 × மட் எடை பிபிஜில (கேலனுக்கு எத்தன பவுண்ட்) × செங்குத்து ஆழம் அடில, விடை பிஎஸ்ஐல வரும். நல்ல தண்ணி 8.33 பிபிஜி, அதாவது அடிக்கு 0.433 பிஎஸ்ஐ.

இதுல இடறி விழற இடம் கோட்ட வரையறதுல இல்ல, ஒரே ஒரு கோடு வரையறதுல. ஜியாலஜி டீம்ல இருந்து ஒரு போர் பிரஷர் கர்வ் வரும், அத அப்படியே எடுத்து டிசைன் பண்ணிடுவாங்க. மூணு கர்வ் கேளுங்க: எதிர்பாக்கறது, குறைஞ்சது, அதிகபட்சம். ஃபிராக்சருக்கும் அதே மாதிரி மூணு. மூணும் கிட்ட கிட்ட இருந்தா உங்களுக்கு நிலத்தப் பத்தி தெரியும்னு அர்த்தம், அங்க டிசைன இறுக்கிப் பிடிக்கலாம். அகலமா விரிஞ்சு இருந்தா அந்த இடைவெளிக்கு நீங்க எப்படியும் காசு கொடுக்கப் போறீங்க, இரும்பா கொடுக்கறீங்களா இல்ல தகவலா கொடுக்கறீங்களாங்கறதுதான் கேள்வி. தகவலா கொடுக்கறது எப்பவும் மலிவு.

பக்கத்துக் கிணறுகளோட ரிப்போர்ட்ட படிக்கறப்ப கடைசில போட்ட சுருக்க அறிக்கையோட நிறுத்திக்காதீங்க, அன்றாட டிரில்லிங் ரிப்போர்ட்ட எடுத்து உக்காந்து படிங்க. சுருக்கத்துல "சின்ன லாஸ், சரி செய்யப்பட்டது"ன்னு ஒரு வரி இருக்கும், அன்றாட ரிப்போர்ட்ல பாத்தா எந்த ஆழத்துல, என்ன மட் எடையில, பம்ப் ஓடறப்பவா நின்னப்பவான்னு எல்லாம் இருக்கும். கனெக்ஷன் கேஸ் (பம்ப்ப நிறுத்தி பைப் சேக்கறப்ப கசியற கேஸ்) எங்க ஏற ஆரம்பிச்சது, மட் எடைய எப்ப ஏத்தினாங்க, பைப் எங்க மாட்டிச்சு, லீக்-ஆஃப் டெஸ்ட் (பாறை மட்ட உள்ள வாங்க ஆரம்பிக்கற வரைக்கும் அழுத்திப் பாக்கற டெஸ்ட்) என்ன கொடுத்துச்சு. இதுக்கு ஆகற செலவு ஒரு ஆளோட சில நாள் சம்பளம். இன்னொரு விஷயம், பழைய ஃபீல்டா இருந்தா எண்ணெய் எடுத்து எடுத்து ரிசர்வாயர் அழுத்தம் இறங்கியிருக்கும், கூடவே ஃபிராக்சர் அழுத்தமும் இறங்கியிருக்கும். பல வருஷத்துக்கு முன்னாடி பிரச்சனையே இல்லாம தோண்டின அதே மட் எடையில இப்ப தோண்டினா மட் மொத்தமும் பாறைக்குள்ள போயிடலாம். பழைய கிணறு நல்லா போச்சுங்கறது மட்டும் ஆதாரம் ஆகாது.

ஷேலோ கேஸ், அதாவது ரொம்ப ஆழமில்லாத இடத்துல இருக்கற கேஸ் பத்தி ஒரே வார்த்தை. மேல்மட்ட துளையில இன்னும் பிஓபி (கிணத்து வாய அவசரத்துல மூடற வால்வு அடுக்கு) போட்டிருக்க மாட்டாங்க, அங்க பாறையும் பலவீனம், கிணத்த மூடினா பக்கவாட்டுல பிளந்துக்கும், அதனால டைவர்ட்டர் வச்சு திருப்பி விடறதத் தவிர பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. சர்வேல சந்தேகம் வந்தா லொகேஷன நகத்துங்க. பேப்பர்ல இருக்கற வரைக்கும் அத நகத்த கிட்டத்தட்ட செலவே இல்ல.

கேசிங் எத்தன, எங்க

மேல இருந்து கீழ டிசைன் பண்ற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. கீழ இருந்து ஆரம்பிக்கணும். எவ்வளவு எண்ணெய் இல்ல கேஸ் வரணும், அதுக்கு என்ன சைஸ் டியூபிங் (எண்ணெய் மேல வர்ற உள் குழாய்), அந்த டியூபிங்க்கு என்ன புரொடக்ஷன் கேசிங், அதுக்கு என்ன துளை, அப்படியே மேல போங்க. பல இடத்துல ஓடற வழக்கமான வரிசை 17½ அங்குல துளையில 13⅜ கேசிங், 12¼ துளையில 9⅝, 8½ துளையில 7. இது சுலபமா கிடைக்கும், பிட்டும் (துளை போடற முனை) ஹேங்கரும் (கேசிங்க தொங்க விடற பிடி) ஸ்டாக்ல இருக்கும். விசித்திரமான சைஸ் எடுத்தா அதுக்கான செலவு கேசிங் விலையோட நிக்காது, டெலிவரிக்குக் காத்திருக்கற நாள், ஸ்பேர் இல்லாத ரிஸ்க் எல்லாம் சேந்து வரும்.

ஷூ, அதாவது கேசிங்கோட அடி முனை, எங்க வைக்கறதுங்கறத கிக் டாலரன்ஸ (ஷூ உடையாம வெளிய எடுக்கக் கூடிய கிக் அளவு) வச்சு முடிவு பண்ணுங்க. ஒரு உதாரணம் கூடவே வாங்க. 9⅝ ஷூ 9,000 அடி, அடுத்த 8½ துளை 11,000 அடி வரைக்கும், 5 அங்குல டிரில் பைப், எதிர்பாக்கற போர் பிரஷர் 12.5 பிபிஜி, மட் 13, ஷூல ஃபிராக்சர் 15. இப்ப அதிகபட்ச கர்வ் 13.3 சொல்லுது, அது உண்மையாயிட்டா அடியில அழுத்தம் சுமார் 7,610 பிஎஸ்ஐ, உங்க மட் பத்தாது, கேஸ் உள்ள வரும். எவ்வளவு கேஸ் உள்ள வந்தா ஷூ உடையாம வெளிய எடுக்க முடியும்? கேஸ் எடைய அடிக்கு 0.1 பிஎஸ்ஐன்னு வச்சு, டிரில் காலர விட்டுட்டு தோராயமா போட்டா 56 பேரல் கிட்ட வருது. நல்லா இருக்கு, கவனமா இருக்கற குரூ அதுக்கு ரொம்ப முன்னாடியே கண்டுபிடிச்சு மூடிடுவாங்க. இப்ப லீக்-ஆஃப் டெஸ்ட்ல 15க்கு பதிலா 14.2 தான் வருதுன்னு வைங்க. அதே கணக்கு 27 பேரல்னு சொல்லும். பிபிஜில வெறும் 0.8 குறைஞ்சதுக்கு டாலரன்ஸ் பாதியாயிடுச்சு.

இதனாலதான் ஷூ டெஸ்ட்ட சம்பிரதாயமா பண்ணக் கூடாதுங்கறேன். "டிசைனுக்குத் தேவையான எடை வந்துடுச்சு, நிறுத்திடலாம்"னு சீக்கிரம் நிறுத்திட்டா அந்த அளவு தாங்குதுன்னு மட்டும்தான் தெரியும், எவ்வளவு மிச்சம் கையில இருக்குன்னு தெரியாது. சில இடத்துல ஷூவ பலவீனப்படுத்தக் கூடாதுன்னு லிமிட் டெஸ்டோட நிறுத்தறது சரிதான். ஆனா தெரியாத ஏரியாவுல உண்மையான லீக்-ஆஃப் வரைக்கும் போங்க, சில மணி நேர வேலை அது.

ஒரு ஸ்ட்ரிங்க தூக்கலாமா? தூக்கலாம், பல கிணத்துல தூக்கணும் கூட. மூணு கர்வும் நெருக்கமா இருந்து, அதிகபட்ச கர்வ்லயும் கிக் டாலரன்ஸ் உங்க கம்பெனி வச்சிருக்கற குறைஞ்சபட்சத்துக்கு மேல நின்னா அந்த ஸ்ட்ரிங் வெறும் பழக்க தோஷம். ஒரு ஸ்ட்ரிங்னா இரும்பு விலை மட்டும் கிடையாது, பைப்ப எல்லாம் வெளிய எடுக்கணும், கேசிங் இறக்கணும், சிமெண்ட் போடணும், அது இறுகக் காத்திருக்கணும், பிஓபி வேலை, டெஸ்ட், திரும்ப உள்ள போகணும். நாலஞ்சு நாள் அப்படியே போயிடும். அதோட கூடுதல் ஸ்ட்ரிங் போட்டா கீழ துளை சின்னதாகுது, பைப்புக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கற இடைவெளி குறையுது, பம்ப் ஓடறப்ப ஈசிடி (உரசல் அழுத்தமும் சேந்த மட் எடை) ஏறுது, ஏற்கனவே குறுகலான விண்டோவுல (போர், ஃபிராக்சர் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கற இடம்) அதுவே லாஸ கொண்டு வரும். பாதுகாப்புக்குன்னு போட்ட ஸ்ட்ரிங் இப்படியும் திருப்பி அடிக்கும். எதிர்பாக்கற கர்வ வச்சு மட்டும் "விண்டோ இருக்கே"ன்னு தூக்கறது வேற கதை, அது சூதாட்டம்.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு நல்ல வழி இருக்கு, கன்டின்ஜென்சி லைனர் (லைனர்ங்கறது மேல வரைக்கும் வராம, முந்தின கேசிங்கோட அடியில தொங்கற கேசிங்). அதாவது தேவைப்பட்டா போடற மாதிரி துளை சைஸ விட்டு வச்சு, லைனரையும் ஹேங்கரையும் கைக்கு எட்டற தூரத்துல வச்சுக்கறது. இதுக்கு காசு கணக்கு தாராளமா போடலாம். ரிக்கும் மத்த சர்வீஸும் சேத்து நாளுக்கு 1,00,000 டாலர்னு வச்சுக்குவோம், லைனர் தேவைப்பட 15 சதவீதம் வாய்ப்பு, கையில இல்லேன்னா வர 12 நாள். எதிர்பாக்கற நஷ்டம் 12,00,000ல 15 சதவீதம், 1,80,000 டாலர். லைனர வாடகை, திருப்பி அனுப்பற செலவு எல்லாம் சேத்து 60,000ல வச்சிருக்க முடியும்னா யோசிக்கவே வேண்டாம்.

கேசிங் பலம்: எடையா கிரேடா

ஏபிஐ பட்டியல்ல எல்80, பி110னு வர்ற எண் குறைஞ்சபட்ச யீல்ட் பலம் (இரும்பு நிரந்தரமா நெளிய ஆரம்பிக்கற அளவு), ஆயிரம் பிஎஸ்ஐ கணக்குல. புதுசா வர்றவங்க சந்தேகம்னா ஒரு கிரேட் மேல போயிடுவாங்க. 9⅝ கேசிங் அடிக்கு 47 பவுண்ட் எடுத்துக்கோங்க. எல்80ல பர்ஸ்ட் (உள்ள இருந்து வெடிக்காம தாங்கறது) 6,870 பிஎஸ்ஐ, கொலாப்ஸ் (வெளிய இருந்து நசுங்காம தாங்கறது) 4,750. அதே எடையில பி110 போனா பர்ஸ்ட் 9,440ன்னு எகிறும், ஆனா கொலாப்ஸ் 5,300 தான். எல்80லயே எடைய 53.5 ஆக்கினா பர்ஸ்ட் 7,930, கொலாப்ஸ் 6,620. வெளிய இருந்து நசுக்கற அழுத்தத்துக்கு சுவர் தடிமன்தான் முக்கியம், கிரேட் ஏத்தி பெருசா பிரயோஜனம் இல்ல. உங்க பிரச்சனை பர்ஸ்ட்டா கொலாப்ஸான்னு பாக்காம கிரேட் ஏத்தினா காசு போயும் பிரச்சனை அங்கயேதான் இருக்கும். ஆனா எடைய ஏத்தறப்ப ஒரு கண்ணி இருக்கு: 53.5 பவுண்ட் கேசிங்கோட வழக்கமான டிரிஃப்ட் (உள்ள கண்டிப்பா நுழையும்னு உத்தரவாதம் தர்ற விட்டம்) 8.379 அங்குலம், உங்க 8½ பிட் அதுக்குள்ள போகாது. ஸ்பெஷல் டிரிஃப்ட்னு தனியா ஆர்டர் போடணும். இத ஆர்டர் ஷீட்ல விட்டுட்டு பைப் ரிக்குக்கு வந்து சேந்தப்புறம் கண்டுபிடிக்கறதெல்லாம் நடக்கற கதைதான்.

இப்ப பர்ஸ்ட் லோட். மேல சொன்ன கிணறுதான், எதிர்பாக்கற கர்வ்ல அடியில 12.5 பிபிஜி, 7,150 பிஎஸ்ஐ, முழுக்க கேஸா நிரம்பி மூடிட்டா மேல 6,050. எல்80 47க்கு 6,870ஐ 6,050ஆல வகுத்தா 1.135, வழக்கமான பர்ஸ்ட் டிசைன் ஃபேக்டர் 1.1ன்னா பாஸ். 13.3 கர்வ்ல? மேல 6,510 கிட்ட வரணும், ஆனா அதுக்கு முன்னாடியே 15 பிபிஜில ஷூ உடைஞ்சுடும், அதனால மேல 6,120க்கு மேல ஏறாது, ஃபேக்டர் 1.12, இன்னும் பாஸ். சரி, லீக்-ஆஃப் எதிர்பாத்தத விட நல்லா வந்து 16 ஆயிட்டா? எல்லாரும் கை குலுக்குவாங்க. ஆனா இப்ப ஷூ உடையாது, மொத்த அழுத்தமும் மேல வரும், ஃபேக்டர் 1.06க்கு கீழ இறங்கி ஃபெயில். கிக் டாலரன்ஸ் கணக்குக்கு குறைஞ்ச ஃபிராக்சர் கர்வ், பர்ஸ்ட் கணக்குக்கு அதிக ஃபிராக்சர் கர்வ், இத மனசுல வச்சுக்கோங்க. ஒரே கர்வ ரெண்டுக்கும் போட்டா ஏதோ ஒரு பக்கம் ஏமாத்தும்.

தேய்மானத்தையும் சேத்துப் பாருங்க. சாஞ்ச கிணத்துல டிரில் பைப் கேசிங் சுவர உரசிட்டே சுத்தும், சுவர்ல 12 சதவீதம் போயிட்டா அந்த 1.135 அப்படியே 1.0 கிட்ட வந்துடும். இதுக்கு மொத்த கேசிங்கயும் தடிமனா மாத்தறது ஒரு வழி. டாக்லெக் (பாதை சட்டுனு வளையற இடம்) அதிகமா இருக்கற இடத்துல மட்டும் தடிமன் ஏத்தறதும், பாதையையே கொஞ்சம் மென்மையா வளைக்கறதும், கீழ துளை முடிஞ்சதும் கேலிபர் லாக் (உள் விட்டத்த அளக்கற கருவி) ஓட்டிப் பாக்கறதும் அதவிட மலிவான வழி.

பல கம்பெனில தெரிஞ்ச ஃபீல்டுல முழு கேஸ் லோட விட்டுட்டு, குறிப்பிட்ட அளவு கிக் வந்தா என்ன அழுத்தம் வரும்னு மட்டும் பாத்து கேசிங்க லேசாக்குவாங்க. இது நியாயமான மிச்சம், ஆனா அந்த அளவுக்கு மேல கிக் வராதுங்கறதுக்கு என்ன கையில இருக்குன்னு எழுதி வைக்கணும். குரூ பயிற்சி, மட் தொட்டியோட மட்டம் பாக்கற சென்சார், டிரிப் டேங்க் (பைப் எடுக்கறப்ப கிணறு எவ்வளவு மட் வாங்குதுன்னு அளக்கற தொட்டி), ஃப்ளோ செக் (பம்ப்ப நிறுத்தி கிணறு தானா ஓடுதான்னு பாக்கறது) நடைமுறை இதெல்லாம் இப்ப உங்க கேசிங் டிசைனோட பாகம் ஆயிடுது. அதுல ஏதாவது ஒண்ண நாளைக்கு வெட்டினா கேசிங் கணக்கும் செல்லாது.

ஹைட்ரஜன் சல்ஃபைட் இருக்குமான்னு ஆரம்பத்துலயே கேட்டுடுங்க. அதோட பகுதி அழுத்தம் 0.05 பிஎஸ்ஐ தாண்டினாலே சவர் சர்வீஸ்னு (sour service, ஹைட்ரஜன் சல்ஃபைட் இரும்ப விரிசல் விட வைக்கற சூழல்) எடுத்துக்கணும். 7,150 பிஎஸ்ஐ கிணத்துல அது வெறும் 7 பிபிஎம் சமாச்சாரம். பி110 மாதிரி பலமான கிரேட் குளிர்ந்த மேல் பகுதியில அந்த சூழல்ல கண்ணாடி மாதிரி விரிசல் விட்டுடும், எல்80 தாங்கும். இங்க விலை குறைஞ்ச கிரேட்தான் பாதுகாப்பான கிரேட், அபூர்வமா வர்ற சந்தோஷம் இது.

சிமெண்ட்: வெட்டுக்கு முதல்ல பலியாகறது

என்னைக் கேட்டா மொத்த டிசைன்லயும் காசுக்கும் பாதுகாப்புக்கும் உண்மையான மோதல் நடக்கற இடம் இதுதான். கேசிங் கண்ணால பாத்து அளந்து டெஸ்ட் பண்ணி இறக்கற பொருள். சிமெண்ட் அப்படியா? கீழ போய் என்ன ஆச்சுன்னு யாரும் பாக்கறதில்ல, பம்ப் பண்ணினப்ப அழுத்தம் சரியா இருந்துச்சு, ரிட்டர்ன் (மேல திரும்பி வர்ற மட்) முழுசா வந்துச்சுன்னு சொல்லி நல்லா உக்காந்துடுச்சுன்னு நம்பிக்கறோம்.

2010 ஏப்ரல் 20, மெக்ஸிகோ வளைகுடா, மகோண்டோ கிணறு. டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்ல 11 பேர் இறந்தாங்க, கிணறு 87 நாள் ஓடிச்சு. அந்தக் கிணறு ஏற்கனவே பட்ஜெட்டத் தாண்டி, பல வாரம் பின்தங்கி இருந்துச்சு, ரிக்கும் மத்ததும் சேந்து ஒரு நாளைக்கு சுமார் 10 லட்சம் டாலர் ஓடிட்டு இருந்துச்சு. சிமெண்ட் கம்பெனியோட மாடல் 21 சென்ட்ரலைசர் (கேசிங்க துளைக்கு நடுவுல நிறுத்தற வளையம்) வேணும்னுச்சு, இறக்கினது 6. சிமெண்ட் எப்படி இருக்குன்னு லாக் ஓட்டிப் பாக்க வந்திருந்த குரூவ அன்னைக்குக் காலையிலயே திருப்பி அனுப்பிட்டாங்க, அந்த லாக்குக்கு ஆகியிருக்கற செலவு 1,28,000 டாலர் கிட்ட. அப்புறம் நெகட்டிவ் டெஸ்ட். மட்டுக்கு பதிலா கடல் தண்ணிய வச்சு மேல எடைய குறைச்சு, கீழ இருந்து ஏதாவது தள்ளுதான்னு பாக்கற டெஸ்ட் அது. டிரில் பைப்ல 1,400 பிஎஸ்ஐ ஏறி நின்னுச்சு, கில் லைன்ல (பிஓபில இருந்து ரிக்குக்கு வர்ற பக்கக் குழாய்) சைபர். ரெண்டும் ஒரே கிணத்தோட இணைஞ்சவை, ஒண்ணு 1,400ம் இன்னொண்ணு சைபரும் காட்டினா ஏதோ ஒண்ணு அடைச்சிருக்கு, இல்ல வால்வு தப்பா இருக்கு. 1,400க்கு ஏதோ ஒரு விளக்கம் கண்டுபிடிச்சு, கில் லைன்ல ஓட்டம் இல்லங்கறத வச்சு டெஸ்ட் பாஸ்னு எழுதிட்டாங்க. அப்புறம் மேல சிமெண்ட் பிளக் வைக்கறதுக்கு முன்னாடியே மட்ட எடுத்துட்டு கடல் தண்ணி நிரப்பினாங்க, கடைசியா பிஓபியும் பைப்ப வெட்டி மூட முடியாம போச்சு. பிபி கணக்குல ஏறின மொத்தச் செலவு 6,500 கோடி டாலருக்கு மேல.

அதுக்கு எட்டு மாசம் முன்னாடி, 2009 ஆகஸ்ட் 21, ஆஸ்திரேலியாவுக்கு வடக்க டிமோர் கடல்ல மோன்டாரா. 9⅝ கேசிங் ஷூல போட்ட சிமெண்ட் சரியில்ல, அத சரியா டெஸ்ட் பண்ணல, மேல போட வேண்டிய ஒரு மூடியையும் போடல. நல்ல வேளையா உயிர்ச்சேதம் இல்ல, ஆனா நவம்பர் 3 வரைக்கும் எண்ணெய் கடல்ல கலந்துட்டே இருந்துச்சு.

ரெண்டுலயும் சிமெண்ட் தோத்தது பெரிய ஆச்சரியம் கிடையாது, சிமெண்ட் தோக்கறது சகஜம், சரி பண்ணவும் வழி இருக்கு. தோத்தத டெஸ்ட் பண்ணி ஒத்துக்காம அடுத்த வேலைக்குப் போனதுதான் விபத்தாச்சு. அதனால டிசைன் கட்டத்துலயே என்ன பண்ணணும்னா, ஒவ்வொரு சிமெண்ட் வேலைக்கும் எத வச்சு பாஸ்னு சொல்லுவோம், ஃபெயில் ஆனா அடுத்து என்ன பண்ணுவோம், அதுக்கு எத்தன நாள்னு திட்டத்துலயே எழுதி, அந்த நாள பட்ஜெட்லயும் சேத்துடுங்க. லாக் ஓட்டணுமா வேணாமாங்கற முடிவ அன்னைக்கு ரிக்ல இருக்கறவர் தலைல போடாதீங்க, நாளுக்கு இவ்வளவுன்னு மீட்டர் ஓடற இடத்துல யாருக்குமே "வேணும்"னு சொல்ல நா வராது.

மிச்சம் பிடிக்க இங்கயும் இடம் இருக்கு. சென்ட்ரலைசர கண்ண மூடிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் போடாம, ஹைட்ரோகார்பன் இருக்கற பகுதிக்கும் அதுக்கு மேல சீல் பண்ண வேண்டிய பகுதிக்கும் நெருக்கமா போட்டு, மத்த இடத்துல தளர்த்திக்கலாம். துறையில வழக்கமா பாக்கற 67 சதவீத ஸ்டாண்ட்-ஆஃப் (கேசிங் எவ்வளவு நடுவுல நிக்குதுங்கற அளவு, 100னா சரியா நடு) சீல் வேண்டிய இடத்துல கிடைக்குதான்னு மாடல்ல பாருங்க. சிமெண்ட் இறுகக் காத்திருக்கற நேரத்த "வழக்கமா 24 மணி நேரம்"னு போடாம, உண்மையான வெப்பநிலையில, ரிக்ல இருக்கற அதே சிமெண்ட், அதே தண்ணிய வச்சு லேப்ல பாத்தா 500 பிஎஸ்ஐ பலம் எத்தன மணியில வருதுன்னு தெரியும், பல சமயம் பாதி நேரம் மிச்சம். சில சமயம் கூடுதலாவும் வரும், அப்ப காத்திருக்கணும். அதே மாதிரி சிமெண்ட்ட மேல வரைக்கும் நிரப்பிட்டா ரொம்ப பாதுகாப்புன்னு நினைக்கறதும் எப்பவும் சரி கிடையாது. கடலடி கிணத்துல உற்பத்தி ஆரம்பிச்சதும் சூடேறி, ரெண்டு கேசிங்குக்கு நடுவுல மாட்டின திரவம் விரிஞ்சு கேசிங்கயே நசுக்கும், அத வெளிய விட வழி இருக்காது. முந்தின ஷூவுக்குக் கீழ சிமெண்ட்ட நிறுத்தி, அழுத்தம் பாறைக்குள்ள கசிய வழி விடறது ஒரு தீர்வு. அதாவது சிமெண்ட் குறைச்சுப் போடறது.

தடுப்புப் படம்

ஓடக்கூடிய எந்த மண்டலத்துக்கும் மேற்பரப்புக்கும் நடுவுல எப்பவும் ரெண்டு தனித்தனி தடுப்பு இருக்கணும், ரெண்டும் டெஸ்ட் ஆகியிருக்கணும். நார்வேயோட நார்சாக் டி-010 தரநிலை இத அடிப்படையா வச்சு எழுதினது. துளை போடறப்ப மட் ஒண்ணு, கேசிங்-சிமெண்ட்-பிஓபி சேந்தது இன்னொண்ணு. டிசைன்ல இத எப்படி பயன்படுத்தறதுன்னா, கிணத்தோட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம் வரைங்க. டிரில்லிங், கேசிங் இறக்கறது, பிஓபிய கழட்டறது, மட்ட மாத்தறது, கிணத்த தற்காலிகமா விட்டுட்டுப் போறது. ஒரு தடுப்புக்கு நீலம், அடுத்ததுக்கு சிவப்பு. எந்தப் படத்துலயாவது ஒரே நிறம்தான் இருக்கு, இல்ல ரெண்டு நிறமும் ஒரே சிமெண்ட நம்பி நிக்குதுன்னா அங்க நிறுத்துங்க. மகோண்டோவோட கடைசி மணி நேரங்கள இப்படி வரைஞ்சா மட்ட எடுத்த நிமிஷத்துல கீழ இருக்கற, டெஸ்ட்ல உண்மையில பாஸ் ஆகாத சிமெண்ட்டும் மேல ஆள் மூட வேண்டிய பிஓபியும்தான் மிஞ்சியிருக்கும். பேப்பரும் ரெண்டு கலர் பேனாவும் போதும் இதுக்கு.

பிஓபி, வெல்ஹெட் ரேட்டிங் சுலபமான கேள்வி. மேல வரக்கூடிய அதிகபட்ச அழுத்தம் நம்ம உதாரணத்துல 6,510, அதனால 5,000 பிஎஸ்ஐ ஸ்டாக் போதாது, 10,000 வேணும். 15,000 ரிக் எடுத்தா நாள் வாடகைதான் ஏறும்.

காச எங்க இருந்து எடுக்கறது

கிணத்துச் செலவுல பெரும்பகுதி நேரத்தோட ஓடறது. பிட் விலைய பேரம் பேசறதுல கம்பெனிங்க காட்டற ஆர்வத்த நான் பாத்து சிரிச்சிருக்கேன். ரிக் மணிக்கு 4,000 டாலர்னு வைங்க, உள்ள போய் வர 10 மணி நேரம். 20,000 டாலர் பிட் 40 மணில 2,000 அடி தோண்டினா அடிக்கு 110 டாலர். 60,000 டாலர் பிட் 50 மணில 4,000 அடி தோண்டினா அடிக்கு 75. மூணு மடங்கு விலை உள்ள பிட்தான் மலிவு, ஒரு ட்ரிப் மிச்சம் ஆனதுல ஸ்வாப் ஆகி (பைப்ப இழுக்கறப்ப கீழ உறிஞ்சி அழுத்தம் குறைஞ்சு) கிக் வர்ற ஒரு வாய்ப்பும் குறைஞ்சது.

இந்த மாதிரி ரெண்டு பக்கமும் லாபம் தர்ற இடங்களத்தான் முதல்ல தேடணும். டைம்-டெப்த் கர்வ்ல படுக்கையா கிடக்கற பகுதி, அதாவது ஆழம் கூடாம நாள் மட்டும் ஓடற இடத்தப் பாருங்க. பிஎச்ஏவ (பிட்டும் அதுக்கு மேல வர்ற கருவிகளும் சேந்த அடித் தொகுப்பு) ஓரமா முன்கூட்டியே ஜோடிச்சு வைக்கறது, கேசிங் ஜாயின்ட்ட அளந்து வரிசைப்படுத்தறத ரிக் நேரத்துல பண்ணாம முன்னாடியே பண்றது, ஒரே இடத்துல பல கிணறுன்னா எல்லாத்தோட மேல் பகுதியையும் வரிசையா முடிச்சுட்டு அப்புறம் அடுத்த பகுதிக்கு வர்றது, இதெல்லாம் தடுப்ப தொடாத மிச்சம். பைப்ப வேகமா இழுத்து நேரம் பிடிக்கறது, ஃப்ளோ செக்க சுருக்கறது, பிஓபி டெஸ்ட்ட தள்ளிப் போடறது இதெல்லாம் தடுப்பத் தொடற மிச்சம். இந்த ரெண்டாவது வகை எந்த செலவுக் குறைப்புப் பட்டியல்லயும் வரவே கூடாது, வந்தா யார் போட்டாங்கன்னு கேளுங்க.

மேல லைனருக்கு போட்ட மாதிரி வாய்ப்பையும் நஷ்டத்தையும் பெருக்கற கணக்க ப்ளோஅவுட்டுக்கு போடாதீங்க. ரொம்ப சின்ன வாய்ப்ப ரொம்பப் பெரிய நஷ்டத்தால பெருக்கினா வர்ற எண் அந்த வாய்ப்ப எவ்வளவுன்னு ஊகிச்சீங்களோ அதத்தான் திருப்பிச் சொல்லும், சைபர் ஒண்ண முன்ன பின்ன போட்டா முடிவே மாறிடும். அங்க அலார்ப் (ALARP, நடைமுறைல முடிஞ்ச அளவுக்கு ரிஸ்க்க குறைக்கறது) தர்க்கம்தான் சரி: ரிஸ்க்க குறைக்க ஒரு வழி இருந்தா பண்ணு, செலவு பலனோட ஒப்பிட்டா பொருந்தாத அளவு மிக மிக அதிகம்னு காட்ட முடிஞ்சா மட்டும் விடு. 1949ல பிரிட்டன்ல ஒரு நிலக்கரிச் சுரங்க விபத்து வழக்குல வந்த தீர்ப்புல இருந்து வளந்த கருத்து இது. நிரூபிக்கற சுமை வெட்டணும்னு சொல்றவர் மேல இருக்கு, போடணும்னு சொல்றவர் மேல இல்ல. மீட்டிங்ல இந்த ஒரு விஷயத்த மாத்தினாலே பேச்சோட திசை மாறிடும்.

பட்ஜெட் போடறப்ப எல்லாம் ஒழுங்கா நடந்தா ஆகற நாள வச்சு போடாதீங்க. பி10, பி50, பி90னு (அந்த நாளுக்குள்ள முடிய 10, 50, 90 சதவீதம் வாய்ப்பு) மூணு போட்டு, அனுமதிய பி50ல வாங்குங்க. கனவு நாள் கணக்குல அனுமதி வாங்கின கிணறு முதல் வாரத்துலயே லேட் ஆயிடும், அதுக்கப்புறம் ரிக்ல எடுக்கற ஒவ்வொரு முடிவும் விட்ட நாள பிடிக்கற முடிவா மாறிடும்.

டிரில்லிங் ஆரம்பிச்ச பிறகு

டிசைன் ஃபைல மூடி வச்சுடாதீங்க. நிறுத்தற எல்லைகள முன்னாடியே எண்ணா எழுதுங்க: லீக்-ஆஃப் 14.5க்கு கீழ வந்தா என்ன, கிக் டாலரன்ஸ் 25 பேரலுக்கு கீழ போனா யார கூப்பிடணும், மட் இந்த எடையத் தாண்டினா லைனர் போடறோமா, மேல சொன்ன 16 மாதிரி லீக்-ஆஃப் எதிர்பாத்ததுக்கு மேல வந்தா பர்ஸ்ட் கணக்க யார் திரும்ப போடறது. எண் எதுவா இருந்தாலும் பரவால்ல, அது ரிக் போய் நிக்கறதுக்கு முன்னாடி, மீட்டர் ஓடாத நேரத்துல, நிதானமா முடிவு பண்ணினதா இருக்கணும்.

திட்டத்துல இருந்து மாறினா மாத்தத்த எழுதி, டிசைன் பண்ணினவரும் அந்தக் கிணத்தோட பட்ஜெட்டுக்கு பொறுப்பில்லாத ஒரு இன்ஜினியரும் கையெழுத்து போடணும். ஒவ்வொரு மாத்தமும் தனியா பாத்தா சின்னதா, நியாயமா தெரியும், அதனால புது மாத்தத்த மட்டும் பாக்காம அதுவரைக்கும் நடந்த எல்லா மாத்தத்தையும் ஒரே தாள்ல வச்சுப் பாருங்க, தடுப்புப் படத்தையும் புதுசா ஒரு தடவ வரைஞ்சுடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வந்து "இத விட்டுட்டு போயிடலாமா"ன்னு கேட்டா, அந்தத் தாளையும் படத்தையும் பாக்காம சரின்னு சொல்லாதீங்க. வேணாம்னு சொல்ற அதிகாரம் போன் எடுக்கறவருக்கு இருக்கான்னு கிணறு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டு, எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க.